கொட்டியாரக் குடாவின் ஆற்றுப்படை

பத்துப்பாட்டு நூல்களுட் சரிபாதி ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் என்று அவை ஐந்து. திருமுருகாற்றுப்படையைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், ஏனைய நான்கிலும் நிகழ்வது ஒன்றுதான். வள்ளல் ஒருவனிடம் சென்று பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பசியோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் காண்கிறான். இன்ன வழியாற் போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இன்ன இடத்திற் கவனமாக இரு, வாயிலில் உன்னைத் தடுக்கமாட்டார்கள் என்று சொல்லி அனுப்புகிறான். தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. வழி சொல்பவன் அந்த வழியால் ஏற்கெனவே போய் வந்தவன் என்பதே இந்த இலக்கிய வகையின் உயிர்.

ஆங்கிலத்தில் 'கவுன்சிலிங்' எனப்படும் பணிக்கு இலங்கைத் தமிழில் மூன்று பெயர்கள் உண்டு. சீர்மியம் என்றார்கள், உளவளத்துணை என்கிறார்கள், ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்கிறார்கள். மூன்றாவது சொல்லைத் தெரிந்தெடுத்தவர் எவராயினும் அவருக்கு என் வணக்கம். ஆறு என்றால் வழி. ஆற்றுதல் என்றால் தணித்தல். துயரைத் தணிப்பதும் வழியைக் காட்டுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக்கொள்ளும் வசதி எல்லா மொழிகளுக்கும் வாய்ப்பதில்லை.

மனம் நொந்த மனிதருக்குக் கிழக்கிலங்கையின் ஒரு மூலையில் யார் வழி காட்டினார்கள், அந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதே இக்கட்டுரையின் விடயம். மூலை என்று நான் சொல்வது கட்டைபறிச்சானை.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாசிப்போருக்காக இடத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலிற் கலப்பது இங்கேதான். குடாவின் தென்கரையில் மூதூர்ப் பட்டினம். அங்கிருந்து சம்பூருக்குப் போகும் வழியில், சேனையூருக்கு அயலில் இருக்கும் தமிழ்க் கிராமம் கட்டைபறிச்சான். மூதூரிற் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். சுற்றுக் கிராமங்கள் பலவற்றில் தமிழர்கள். இருசாராருக்கும் வயலும் கடலும் வாழ்வு. இருசாராரின் மொழியும் தமிழே.

மூதூர்க் கரையில் நின்றால் குடாவுக்கு அப்பால் திருகோணமலை கண்ணுக்குத் தெரியும். ஆயினும் அங்கே போய்ச் சேர்வது அத்தனை எளிதாக இருந்ததில்லை. ஒன்று, இறங்குதுறையிலிருந்து கடலைக் கடக்கும் 'லோஞ்ச்'. அன்றேல், குடாவைச் சுற்றிக்கொண்டு, மகாவலியின் கிளைகளையும் களப்பு வாய்களையும் துறை துறையாகத் தாண்டிப் போகும் தரைவழி. கிழக்கு மாகாணத்தில் வாகனங்களையும் மனிதரையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். தெருவுக்கும் அதே பெயர், தெரு முடிந்த இடத்தில் மிதக்கும் பலகைக்கும் அதே பெயர். "பாதை அந்தப் பக்கம் நிற்குது" என்று ஒருவர் சொன்னால், வெளியூர்க்காரர் திகைப்பார், உள்ளூர்க்காரர் காத்திருப்பார்.

இனி ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கட்டைபறிச்சானில் ஒரு தாய். இருபது வயது மகன் பத்து நாட்களாக உறங்கவில்லை; யாரோ அழைப்பதாகச் சொல்கிறான்; வயலுக்குப் போக மறுக்கிறான். இந்தத் தாய் கற்பனைதான். ஆனால் எந்தக் காலத்திலும் எந்தக் கிராமத்திலும் இருந்தவள், இருப்பவள். அவளை வெவ்வேறு காலங்களில் நிறுத்திப் பார்த்தால், இந்நாட்டு உளமருத்துவத்தின் வரலாறு ஆவணக்காப்பகத்திற் கிடைப்பதைவிடத் தெளிவாகத் தெரியும்.

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில், மனநோயாளருக்கெனத் தனி இடம் இலங்கையில் இருக்கவில்லை. சிறைகளிலும், கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இருந்த தொழுநோயாளர் மனையிலும் அடைத்தார்கள். 1840களிற் பொரளையில் ஒரு காப்பகம் எழுந்தது. 1873ஆம் ஆண்டின் முதலாவது கட்டளைச்சட்டம் பித்தர் பற்றியதாக இயற்றப்பட்டது. ஒருவரை யார் பிடிக்கலாம், எந்த நீதவான் முன் நிறுத்தலாம், எங்கே அடைக்கலாம் என்பவற்றையே அச்சட்டம் பெரிதும் பேசிற்று. 1880களிற் காப்பகம் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. அங்கும் இடம் போதாமற் போகவே, கொழும்பின் புறநகரான அங்கொடையிற் பெரிய மருத்துவமனை கட்டி 1926இல் திறந்தார்கள். அதுவும் நிரம்பி வழிந்தது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் தலைவராயிருந்த எட்வேட் மபொதர் 1930களின் இறுதியில் அழைக்கப்பட்டு வந்து, நெரிசலைக் கண்டு, எல்லாரையும் ஓரிடத்திற் கொண்டுவந்து குவிக்கும் முறையை மாற்றவேண்டும் என்ற திசையிலே ஆலோசனை வழங்கினார். ஆலோசனையின் முழுப் பயன் கிராமங்களை எட்ட ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

நமது தாய் 1950இல் இருந்தாள் என்று கொள்வோம். அவளுக்குத் தெரிந்த அரசாங்க வழி ஒன்றே: அங்கொடை. தீவின் மறுகரை. லோஞ்ச் ஏறி, ரயில் ஏறி, மொழி தெரியாத நகரில் இறங்கி, சிங்களம் பேசும் தாதியரிடம் மகனை ஒப்படைத்துவிட்டுத் திரும்பவேண்டும். மறுபடி பார்க்கப் போவதற்குக் காசு சேர வேண்டும். போனவர்களிற் பலர் அங்கேயே வாழ்ந்து முடிந்தார்கள். அங்கொடை என்ற ஊர்ப்பெயர் வசைச்சொல்லானது இப்படித்தான். "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்பது தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே புழங்கிய ஏச்சு. இரண்டு இனங்களும் இத்தனை எளிதாக உடன்பட்ட வேறு விடயங்கள் அதிகமில்லை.

ஆகவே அவள் அங்கே போகவில்லை. சம்பூர்ப் பத்திரகாளி அம்மனிடம் போனாள். வெருகல் முருகனிடம் நேர்த்தி வைத்தாள். பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கினாள். மூதூரில் அவளையொத்த முஸ்லிம் தாய் ஓதிப் பார்ப்பவரிடமும் சியாரத்துக்கும் போனாள். இதை மூடநம்பிக்கை என்று சொல்லி நகர்ந்துவிடுவது என் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு எளிது. நான் அப்படி நகர விரும்பவில்லை. 1990களில் மட்டக்களப்புப் பகுதியில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் காணாமற் போனோரின் தாய்மார் திரண்டதைப் பதிவு செய்திருக்கிறார். பொலிஸ் நிலையத்திலும் முகாம் வாசலிலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. "என் பிள்ளை எங்கே" என்ற கேள்வியை உரத்துக் கேட்க ஓர் இடம் இருந்தது. அதைக் கேட்டு அழ ஒருவர் இருந்தார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடி, இலங்கை முஸ்லிம்களும் இந்துக்களும் அறிந்த புனிதத் தலம். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியுமுன், அங்கே தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். நம்பிக்கை அவர்களை ஊர்வரை அழைத்து வந்தது. அதற்கப்பால் மருந்துக்கு வழிகாட்ட எவருமில்லை. சங்கிலி கட்டியவர்களுட் பலர் பாசமுள்ள உறவினர்கள் என்பதுதான் அந்தச் செய்தியில் இன்னும் என்னை உறுத்துவது.

இலங்கையின் சட்டம் நீண்டகாலம் மூடிவைத்திருந்த ஒரு கதவும் உண்டு. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை தண்டனைக்குரிய குற்றம். உயிர் தப்பி மருத்துவமனைக்கு வந்தவருக்கு அடுத்த படி பொலிஸ் விசாரணை. அதே பத்தாண்டில், 1995இல், இந்நாட்டின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டி, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. அபாயமான பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டதும் அந்த வீதம் வெகுவாக இறங்கியது. வேளாண்மைக் கிராமங்களுக்கு இதைவிடப் பெரிய உயிர்காப்பு எதுவும் அக்காலத்தில் நிகழவில்லை என்பேன். ஆயினும் 'ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்கு வரும்' என்ற அச்சம், சட்டம் போன பிறகும் வீடுகளில் தங்கியிருந்தது.

வடக்கிலும் கிழக்கிலும் உளமருத்துவம் தமிழ் பேசத் தொடங்கியது போர்க்காலத்தில். யாழ்ப்பாணத்தில் மந்திகையும் தெல்லிப்பழையும் உளமருத்துவத்துக்கு அறியப்பட்ட இடங்களாயின. 1987இல் உருவான சாந்திகம் உளவளத்துணையாளரைப் பயிற்றியது. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் எழுதிய 'தமிழ் சமுதாயத்தில் உளநலம்' என்ற கைநூல், ஆசிரியர், கிராம அலுவலர், சமூகத் தொண்டர் ஆகியோரின் கைக்கு எட்டும் தமிழில் அமைந்தது. 'மனவடு' என்ற சொல் பத்திரிகைகளுக்கு வந்து சேர்ந்தது யாழ்ப்பாணத்து உளமருத்துவர்களின் எழுத்து வழியே. மட்டக்களப்பில் உளமருத்துவர் மகேசன் கணேசன் அரச சேவையைக் கிராமம்வரை கொண்டுசெல்ல உழைத்தார். யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் உளவளத்துணை நிலையமொன்றை நடத்தினார். போரில் அடிபட்ட சிறுவருக்காக 1996இல் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' பிறந்தது. இவற்றின் நடுவே கொட்டியாரம் கிடந்தது. வடக்கே யாழ்ப்பாணம் எட்டாது. தெற்கே மட்டக்களப்பு எட்டும், வெருகல் ஆற்றையும் காவலரண்களையும் கடந்தால்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மூதூர்க் கரையையும் தாக்கியது. அவ்வேளை நாடு முழுவதற்கும் நாற்பதுக்குக் கிட்டிய உளமருத்துவர்களே இருந்தனர். அவர்களிலும் பெரும்பாலோர் கொழும்பையும் பெரிய நகரங்களையும் அண்டியவர்கள். சில வாரங்களிற் காட்சி தலைகீழாயிற்று. உலகின் நாலா பக்கங்களிலிருந்தும் உளவளத்துணை நிறுவனங்கள் வந்திறங்கின. வினாக்கொத்துகளோடு வந்தவர் எத்தனை, ஒரு வாரப் பயிற்சியோடு வந்தவர் எத்தனை, கரடிப் பொம்மைகளோடு வந்தவர் எத்தனை! கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்வியாளர் சிலர், வருபவர்கள் இம்மக்களை நோயாளிகளாகவே பார்க்கவேண்டாம், அவர்களுடைய துயரத்துக்கு அவர்களுடைய பண்பாட்டில் உள்ள பொருளை மதியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வொட்டேர்ஸ் 2010இல் வெளியிட்ட தமது நூலில் இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்.

முன்பு கதவே இல்லாமல் நின்ற தாய், இப்போது இருபது கதவுகளின் முன் நின்றாள். எந்தக் கதவு எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு முகாமுக்கு மூன்று நிறுவனங்கள் வந்தன, அடுத்த முகாமுக்கு ஒன்றுமே வரவில்லை. கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போன சனம். மட்டக்களப்பில் இதைச் சீர்செய்ய 'மங்குரோவ்' என்ற பெயரில் ஓர் ஒருங்கிணைப்பு வலையமைப்பு உருவாயிற்று. எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்று கணக்கெடுத்து, இன்ன தேவை உள்ளவரை இன்ன இடத்துக்கு அனுப்பு என்று சொல்வது அதன் பணிகளுள் ஒன்று. அலையாத்தி மரம் சேற்றில் வேர்களைப் பின்னிக் கரையைக் காப்பது. பெயர் வைத்தவர்கள் வாவிக்கரை மனிதர்கள் என்பது தெரிகிறது. 2007இல் ஐக்கிய நாடுகள் முகவரகங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட, அனர்த்தகால உளசமூக உதவிக்கான சர்வதேச வழிகாட்டி நெறிகளுக்குப் பின்னால், ஆழிப்பேரலைக் காலத்து இத்தகைய பாடங்களும் இருந்தன.

அரசாங்கமும் அசைந்தது. 2005இல் உளநலக் கொள்கை ஏற்கப்பட்டது. மாவட்டந்தோறும் உளநலப் பிரிவு, அதற்கெனப் பயிற்றப்பட்ட வைத்திய அதிகாரிகள், பிராந்திய மருத்துவமனைகளிற் கிளினிக், வீடுவீடாகச் செல்லும் சமூக ஆதரவு உத்தியோகத்தர் என்று திட்டம் விரிந்தது. மபொதர் காட்டிய திசையில் நாடு கடைசியில் நடக்கத் தொடங்கியது, உந்தியது கடல்.

கட்டைபறிச்சானுக்கு அது வந்து சேருமுன் போர் வந்தது. 2006 ஏப்ரல் 25ஆம் திகதி மூதூர் கிழக்கில் விமானக் குண்டுகள் விழுந்தன. ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகருக்குள்ளேயே சண்டை. முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினர். ஓகஸ்ட் 4ஆம் திகதி, பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான 'அக்ஸன் கொன்ட்ர் லா ஃபாம்' பணியாளர் 17 பேர் மூதூரில் அவர்களது வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். செப்டெம்பரிற் சம்பூர் இராணுவத்தின் வசமானது. மூதூர் கிழக்குத் தமிழர்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் நடந்தார்கள். 1996 பெப்ரவரியிற் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் படையினராற் கொல்லப்பட்டதை மறக்காத சனம் அது.

திரும்பி வந்தபோது, 2007 மே மாதத்திற் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகியிருந்தது. அவ்வூர்க் குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. காணிகள் 2015இலும் 2016இலுமே விடப்பட்டன. எட்டு, ஒன்பது ஆண்டுகள் தகரக் கொட்டிலில் இருந்த ஒருவருடைய நித்திரையின்மைக்கு மருந்து எது, காணி உறுதி எது என்று பிரிப்பது சுலபமா? உளவளத்துணையாளரிடம் வந்தவர்கள் வீட்டைப் பற்றியே பேசினார்கள் என்றால் வியப்பில்லை. வழி காட்டுபவர் சில வேளை மருத்துவமனைக்கு முன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும். அதையும் உளநலப் பணி என்றே நான் எண்ணுகிறேன்.

போர் முடிந்தபின் நடந்தவற்றில், உளநலத்துக்கு உதவிய பெரிய காரியம் ஒன்றை எந்தச் சுகாதார அறிக்கையும் அப்படிக் குறிப்பதில்லை. பாலங்களைச் சொல்கிறேன். 2009 ஒக்ரோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மற்றவையும் முடிந்தன. 'பாதை'க்குக் காத்திருந்த துறைகள் ஓய்ந்தன. மாதமொருமுறை கிளினிக்குக்குப் போகவேண்டிய ஒருவருக்கு, ஒரு நாட் கூலி முழுதாகப் போவதற்கும் அரை நாளில் திரும்புவதற்கும் உள்ள வேறுபாடு, மருந்தைத் தொடர்வதற்கும் விடுவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

ஆயினும் பாலம் வழியைத்தான் தரும், வழிகாட்டியைத் தராது. எங்கள் ஊர்களில் மனத்துயரின் பெயர் 'யோசனை'. "அவவுக்கு ஒரே யோசனை" என்பார்கள். நெஞ்சுப் பாரம், தலையிடி, கைகால் விறைப்பு என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால், பனடோல் கிடைக்கும். சிம்பாப்வே நாட்டின் ஷோனா மொழியிலும் இதே பெயர்தான்: 'குஃபுங்கிசிசா', மிகையாக யோசித்தல். அந்நாட்டு உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006இல், மூதூர் எரிந்த அதே ஆண்டில், ஹராரே நகரில் 14 பாட்டிமாரைப் பயிற்றி, சுகாதார நிலைய வளவில் மரவாங்குகளில் உட்காரவைத்தார். 'நட்பு வாங்கு' என்று பெயர். வருபவர் பாட்டியோடு பேசுவார். பாட்டி பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார். தன்னால் முடியாததை மேலே அனுப்புவார். 2016இல் வெளியான ஆய்வு இம்முறையின் பலனை உறுதிசெய்தது. பாட்டிமார் அவ்வட்டாரத்துக்காரர், அவர்களும் நோயையும் இழப்பையும் கண்டவர்கள். பாணனுக்குப் பாணன் வழி சொன்ன அதே ஏற்பாடு.

நமது தாயை இன்றைய நாளில் நிறுத்துவோம். முதலாவது ஆள் அவள் வீட்டுக்கே வருபவர்: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல மருத்துவமாது. பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் என்று எண்ணாமல் அவரிடம் சொல்லலாம். அடுத்தது மூதூர்த் தள வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில், "உளநல கிளினிக் எந்த நாள்" என்று கேட்டாற் போதும். அதற்கு மேல் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. அரச மருத்துவமனைகளில் மருந்துக்குக் கட்டணமில்லை. குடும்பத் தகராறு, பிள்ளைகளின் பிரச்சினை, இழப்புத் துயர் என்றாற் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். கோயிலுக்கும் சியாரத்துக்கும் போவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும், மருந்தை நிறுத்தாமற் போகட்டும். மகன் உயிரை விடுவதாகச் சொன்னால் நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல், அவனைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கு வராது, அந்தச் சட்டம் 1998இலேயே போய்விட்டது.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழும் தங்கைக்கு என்ன சொல்வது என்று தெரியாதிருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும். ஊரில் இருப்பவருக்கு இரண்டு எண்களைச் சொல்லுங்கள். ஒன்று 1333. மற்றது அங்கொடை நடத்துவது. 2008 முதல் அதன் பெயர் தேசிய உளநல நிறுவகம். அங்கே தமிழிலும் பேசலாம். எண் 1926, அந்த மருத்துவமனை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே.